தட்டும் சேதியும்

மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் குறைமாவு உணவுக்கு மாறிய முதல் வாரத்தில் நண்பர்களுக்கு நான் அனுப்பிய முதல் படம் பொய். இரண்டு மீன் துண்டுகள், வெண்ணெயில் வதக்கிய கீரை, வட்ட வட்டமாக அரிந்த வெள்ளரிக்காய், மேலே தூவிய எள், அடியில் விருந்தினருக்கென்று எடுத்துவைத்திருந்த பீங்கான் தட்டு. அடுப்படியில் வெளிச்சம் போதவில்லை என்று தட்டைச் சன்னலோரத்துக்குக் கொண்டுபோய், நிழல் விழாமல் மூன்று முறை படம் எடுத்து முடிப்பதற்குள் மீன் ஆறிப்போயிற்று. அதை மூடி வைத்துவிட்டு, முந்தைய நாள் அவித்து மிஞ்சியிருந்த இரண்டு முட்டைகளை நின்றபடியே உப்புத் தொட்டுத் தின்றேன். படத்தைப் பார்த்து ஏழு பேரும் பாராட்டி எழுதினார்கள். நான் தின்ற முட்டையை ஒருவரும் அறியவில்லை. மறுநாள் அப்படி ஒரு தட்டை அலங்கரிக்க நேரம் இல்லை, அதற்கு அடுத்த நாள் மனமும் இல்லை. ஒரு வாரம் எதையும் அனுப்பாமல் இருந்துவிட்டேன்.

அந்த ஏழு பேரும் உணவின் பொருட்டுச் சேர்ந்தவர்கள் அல்லர். இணையத்தில் சதுரங்கம் ஆடிப் பழகியவர்கள். வெவ்வேறு நேர மண்டலங்களில் வாழ்கிறவர்கள் என்பதால், ஒருவர் காலை உணவைச் சொல்லும்போது இன்னொருவர் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பார். அவர்களுள் மூவர் எனக்கு வெகுநாள் முன்பே மாவுச்சத்தைக் குறைத்து உண்டுவந்தார்கள் என்பது, என் இரத்தப் பரிசோதனையின் முடிவை நான் சொன்ன அன்றுதான் தெரிந்தது. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அளவு 118 என்று வந்திருந்தது. 100 முதல் 125 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126ஐத் தொட்டு, மறுபடியும் பரிசோதித்து அதுவே வந்தால் நோய் என்று சொல்லிவிடுவார்கள். மாவுச்சத்தைக் குறையுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட, நான் மட்டும் தனித் தட்டோடு உட்காரும் நிலை வந்தபோது, பேசுவதற்கு எனக்கு அந்த எண்மர் குழுதான் இருந்தது.

ஒரு வார மௌனத்துக்குப் பிறகு, எங்களில் மூத்தவர் எனக்குத் தனியாக எழுதினார். அவர் நாள் தவறாமல் ஒரு கிண்ணம் தயிரைப் படமெடுத்து அனுப்புவார் என்பதால் அவருக்குத் தயிர் அக்கா என்று பெயர். "தம்பி, மீன் நன்றாக இருந்தது. ஆனால் நீங்கள் தினமும் அப்படியா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். நான் முட்டைக் கதையைச் சொன்னேன். "அப்படியானால் முட்டையை அனுப்புங்கள்" என்றார். அன்று முதல் என் பெயர் முட்டைத் தம்பி ஆயிற்று. நான்காண்டுகளாக அந்தப் பெயரோடுதான் அந்தக் குழுவில் இருக்கிறேன், நான் அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் இன்றும் முட்டைதான்.

விருந்துத் தட்டைப் பார்ப்பவர் மகிழ்ந்துவிட்டுப் போய்விடுவார். அன்றாடத் தட்டைப் பார்ப்பவர்தான் அதிலிருந்து எதையேனும் எடுத்துக்கொள்வார் என்பது சில மாதங்களில் எங்களுக்குப் புரிந்தது. மிஞ்சிய கோழித் துண்டுகளை என்ன செய்வது, அவசரத்தில் கிளம்பும்போது எதைத் தின்றுவிட்டு ஓடுவது, நாலு மணிப் பசியை எப்படித் தாண்டுவது என்பவைதான் குறைமாவு உணவில் இருப்பவரைக் கவிழ்க்கிற இடங்கள். அழகான படங்களில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. நான் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஒரு மாதத்தில் நான் உண்டவை ஏறத்தாழப் பத்து உணவுகள்தாம். அவையே மாறி மாறி வந்தன. அதைக் குறை என்று எண்ணி வெட்கப்பட்டேன். காளான் அண்ணன் என்று நாங்கள் அழைக்கும் நண்பர், தம்முடையவை ஏழே ஏழுதான் என்று எழுதியபோது அந்த வெட்கம் போயிற்று.

படத்தோடு அளவையும் எழுதுவது என்ற பழக்கம் அவரால்தான் வந்தது. கணக்கில் கறாரானவர். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 200 கிராம் சோற்றை ஒருவர் மறுசோறு கேட்காமலே உண்டுவிடுவார் என்பதால் அதிலேயே 56 கிராம் போய்விடுகிறது. அதே எடைக் காலிஃபிளவரில் 10 கிராம்தான், அதிலும் 4 கிராம் நார்ச்சத்து. ஒரு பெரிய முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு, மாவுச்சத்து ஒரு கிராமைக்கூட எட்டாது. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து உண்டால் அதைக் குறைமாவு என்றும், 20 முதல் 50 கிராமுக்குள் நின்றால் கீட்டோ என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். எங்களில் இருவர் கீட்டோவில் இருந்தார்கள்; நான் 90, 100 என்று நின்றேன். ஆகவே ஒருவருக்குச் சரியான தட்டு இன்னொருவருக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. இதை அறிந்த பிறகு ஒவ்வொருவரும் தத்தம் இலக்கைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். பின்னால் ஒருமுறை அதுவும் போதாமல் போனது, அதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

எடை பார்க்கும் சிறு தராசு வாங்கிய பிறகுதான் என் கண்மதிப்பு எவ்வளவு மோசம் என்பது தெரிந்தது. ஒரு பிடி பாதாம் என்று நான் எழுதிவந்தது உண்மையில் 70 கிராம் இருந்தது. 30 கிராம் பாதாமில் 6 கிராம் மாவுச்சத்து, அதில் பாதிக்கு மேல் நார்ச்சத்து என்பதால் மாவுக் கணக்கில் பெரிய பிழை நேரவில்லை. ஆனால் 70 கிராம் பாதாம் என்பது 400 கலோரி, அதாவது ஒரு வேளை உணவு. அதை நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நொறுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது ஒரு நோயாக மாறிவிடும். முதல் மூன்று வாரம் நிறுத்துப் பார்த்தால் கண் பழகிவிடுகிறது, அதன் பிறகு எப்போதாவது பார்த்தால் போதும்.

மற்றவர் கண் நம் தட்டில் விழுவதன் பயன் இன்னோர் இடத்திலும் விளங்கியது. என் கோழி வறுவல் ஒன்றைப் பார்த்துவிட்டுக் காளான் அண்ணன், "இது ஏன் இப்படிப் பளபளக்கிறது?" என்று கேட்டார். நான் இரண்டு கரண்டி புட்டிச் சாஸ் ஊற்றியிருந்தேன். புட்டியைத் திருப்பிப் பார்த்தால் சேர்மானப் பட்டியலில் தக்காளிக்கு அடுத்த இடத்தில் சர்க்கரை, அதற்குச் சற்றுப் பின்னால் சோள மாவு. எந்தப் பொருள் அதிக எடையில் சேர்ந்திருக்கிறதோ அது பட்டியலில் முன்னால் வரும் என்பதையும் அவரே சொன்னார். அவருடைய காளான் வதக்கலில் இரண்டு பெரிய வெங்காயம் இருந்ததைப் பிறகு நான் கண்டுபிடித்துப் பழி தீர்த்துக்கொண்டது வேறு கதை. வெங்காயத்தில் 100 கிராமுக்கு 9 கிராம் மாவுச்சத்து உண்டு, காளானில் மூன்றுதான்.

தோற்றுப்போன சமையலையும் அனுப்ப வேண்டும் என்பதை நாங்கள் விதியாகவே வைத்தோம். காலிஃபிளவரைத் துருவிச் சோறுபோலச் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அதை எளிது என்கிறார்கள். நான் முதலில் செய்தபோது, பூவைக் கழுவிய ஈரத்தோடு துருவி, உப்பைத் தொடக்கத்திலேயே போட்டு, மூடி வைத்து வேகவிட்டேன். கிடைத்தது கூழ், அவித்த முட்டைக்கோஸ் வாடையோடு. படத்தை அனுப்பியதும் மூன்று பேர் மூன்று திருத்தம் சொன்னார்கள்: துருவியதைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும், அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மூடாமல் வதக்க வேண்டும், உப்பை இறக்குகிற நேரத்தில்தான் போட வேண்டும். முறுக்கிப் பிழிந்தபோது அரைக் கோப்பைத் தண்ணீர் வந்தது. வாணலியில் விழுந்ததும் சளசளவென்று கொதிக்காமல் சொரசொரவென்று ஓசை கேட்டால் சரியாகப் போகிறது என்று பொருள். இந்த ஓசைக் குறிப்பை எந்தச் சமையல் குறிப்பிலும் நான் படித்ததில்லை, தயிர் அக்கா குரல் பதிவில் வாணலியையே பேசவிட்டு அனுப்பியதால் கற்றேன்.

எடையைப் பற்றிய சேதிகள்தாம் எங்களைப் படுத்தியவை. முதல் வாரத்தில் எனக்கு இரண்டரைக் கிலோ குறைந்தது. கொண்டாட்டமாக எழுதினேன். இரண்டாம் வாரம் அரைக் கிலோ. நான்காம் வாரம் முள் அசையவில்லை. நான் ஏதோ தவறு செய்கிறேன் என்று எண்ணி மறுபடியும் மௌனத்துக்குள் போனேன். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்தே தங்குகிறது. மாவுச்சத்தைக் குறைத்தவுடன் அந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. ஆகவே முதல் வாரக் குறைவில் பெரும்பங்கு தண்ணீர். இது தெரியாதவர் முதல் வாரம் வானத்தில் பறந்து நான்காம் வாரம் தரையில் விழுவார். இப்போது புதிதாகச் சேர்பவர் எவராக இருந்தாலும், முதல் மாதம் எடையைக் குழுவில் சொல்ல வேண்டாம், தட்டை மட்டும் சொல்லுங்கள் என்கிறோம். இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும் என்பதால், முதல் சில நாள்களில் வருகிற தலைவலியும் சோர்வும் பலருக்கு உப்புக் குறைவால் வருபவை. எனக்கு ஒரு கோப்பை உப்பிட்ட எலும்புச் சாறு அதைத் தீர்த்தது. அந்தச் சிறு வெற்றியால் வந்த அறிவுத் திமிர்தான் பின்னர் ஒரு நண்பரைக் கிட்டத்தட்ட ஆபத்தில் தள்ளியது.

அதற்கு முன் ஒரு சிறு விலகல். தட்டையும் சேதியையும் ஊரறியச் சொல்லும் இந்தப் பழக்கம் இணையத்தோடு பிறந்தது அன்று. லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேண்டிங் என்பவர், 1863இல் தாம் உண்டதை வேளைவாரியாக எழுதிச் சிறு வெளியீடாக அச்சிட்டுத் தொடக்கத்தில் இலவசமாகவே கொடுத்தார். குனிந்து காலணி நாடாவைக் கட்ட முடியாததையும், படிக்கட்டில் பின்பக்கமாகத் திரும்பியபடி இறங்க வேண்டியிருந்ததையும் கூச்சமின்றிச் சொன்னார். ரொட்டி, சர்க்கரை, பால், பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கைவிட்டு, இறைச்சியும் மீனும் காய்களும் முதன்மையாக உண்டு, ஓராண்டுக்குச் சற்று மேல் 202 பவுண்டிலிருந்து 156 பவுண்டுக்கு இறங்கினார். கிலோவில் சொன்னால் ஏறத்தாழ 92இலிருந்து 71. பகல் உணவோடு இரண்டு மூன்று கோப்பை ஒயின் அருந்தியதையும் அவர் மறைக்கவில்லை. அவர் பெயரிலிருந்து பிறந்த ஒரு வினைச்சொல் ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் எடை குறைக்க உணவைக் கட்டுப்படுத்துவதைக் குறிக்கிறது. எங்கள் குழுவில் யாராவது இனிப்பை மறைத்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டால், பேண்டிங் தம் ஒயினையே எழுதினாரே என்று கேலி செய்வோம்.

இப்போது அந்த நண்பரின் கதை. எங்களில் இளையவர், கடைசியாக எங்களைப் பார்த்துக் குறைமாவுக்கு வந்தவர். என் ஒரு நாள் தட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, வேகமாகப் பலன் வேண்டும் என்று அவற்றிலிருந்து தயிரையும் பழத்தையும் நீக்கி 20 கிராமுக்குக் கீழே கொண்டுபோனார். நான்காம் நாள் மாலை குழுவில் எழுதினார்: கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, எதையும் யோசிக்க முடியவில்லை, இது முதல் வாரச் சோர்வுதானே? முதலில் பதில் எழுதியது நான். "உப்புப் போட்டுத் தண்ணீர் குடியுங்கள், சரியாகிவிடும்." எனக்குச் சரியானது அவருக்கும் சரியாகும் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே தயிர் அக்கா குறுக்கிட்டார்.

"தம்பி, நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?"

சாப்பிடுகிறார். ஆறு ஆண்டுகளாக. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மாத்திரை. அதை அவர் சொல்லவில்லை, ஏனென்றால் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் இலக்கை எழுதியிருந்தோமே தவிர, மருந்தை எழுதியிருக்கவில்லை. வீட்டில் இருந்த மீட்டரில் பார்க்கச் சொன்னார் அக்கா. 58 என்று படம் வந்தது. 70க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை.

"அரைக் கோப்பைப் பழச்சாறு, இப்போதே குடியுங்கள்" என்று அக்கா எழுதினார். "அதில் சர்க்கரை இருக்குமே, அக்கா" என்று அவர் பதில் எழுதியதை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. "சர்க்கரைக்காகத்தான் சொல்கிறேன். குடித்துவிட்டுப் பேசுங்கள், பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்." ஏறத்தாழ 15 கிராம் விரைவுச் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு, மறுபடியும் சோதனை. 66. மீண்டும் அரைக் கோப்பை, மீண்டும் 15 நிமிடம். 84. அதன் பிறகு ஒழுங்கான ஓர் உணவு. மறுநாள் மருத்துவரைப் பார்த்தபோது மாத்திரையின் அளவைக் குறைத்தார்கள். எத்தனை கிராம் மாவுச்சத்து, எப்போது சோதிப்பது என்று திட்டமும் எழுதிக் கொடுத்தார்கள். உணவைக் குறைத்தபோது மாத்திரையையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவ்வளவு எளிய கணக்கு, எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அது தோன்றியது.

அன்றிலிருந்து, புதியவர் எவர் தட்டைக் கேட்டாலும் முதலில் மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறோம். இன்சுலின் போடுபவரும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை உண்பவரும் மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தை வெட்டக்கூடாது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை உண்பவர் கீட்டோவுக்குப் போனால், சர்க்கரை அளவு பெரிதாக உயராத நிலையிலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு; அது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், உணவோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உடையவர்கள் ஆகியோருக்கு எங்கள் தட்டைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டோம். நண்பர் தம் தட்டைக் காட்டலாம்; இதையே நீங்களும் தின்னுங்கள் என்று சொல்லும் தகுதி அவருக்கு இல்லை.

சேதிகள் எப்போது தட்டுகளுக்கு இடையில் புகுந்தன என்பதை என்னால் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. "முட்டை இரண்டு, கீரை, பையனுக்குக் காய்ச்சல்" என்று ஒருவர் எழுதினார். "கோழி, காளான், வேலை போய்விட்டது" என்று இன்னொருவர். பெரிய சேதியைத் தனியாக அறிவிக்கக் கூச்சப்படுகிறவர்கள்கூட, உணவுக்குப் பின்னால் காற்புள்ளி போட்டு அதைச் சொல்லிவிடுகிறார்கள். நேரில் பார்க்காத மனிதர்களிடம் துக்கத்தைச் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது, அதற்கு முட்டையைவிட நல்ல சாக்கு வேறில்லை.

தயிர் அக்காவின் கிண்ணம் நீல நிறம், விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கும். தயிர், வறுத்த பாதாம் ஆறோ ஏழோ, சில நாள் வெள்ளரித் துண்டு. மூன்றாண்டாக மாறாத படம். ஒரு வாரம் அந்தக் கிண்ணம் வரவில்லை. அதற்குப் பதிலாகக் காகிதத் தட்டில் இரண்டு ரொட்டித் துண்டுகள், காகிதக் கோப்பையில் தேநீர். அக்காவே ரொட்டி தின்றால் நாங்கள் எங்கே போவது என்று ஒருவர் வேடிக்கையாக எழுதினார். நானும் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டேன். காளான் அண்ணன் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். மேசையின் ஓரத்தில் மருத்துவமனைகளில் பார்வையாளருக்குக் கட்டும் கைப்பட்டை கிடந்தது. "யாருக்கு என்ன, அக்கா?" என்று கேட்டார். அக்காவின் அம்மாவுக்கு மூளையில் இரத்தக் கசிவு, ஐந்து நாளாகத் தீவிர சிகிச்சையில்.

அதன் பிறகும் நான் ஒரு தவறு செய்தேன். மருத்துவமனை உணவகத்தில் ரொட்டிக்குப் பதிலாக எதை வாங்கித் தின்னலாம் என்று, முட்டை, வேர்க்கடலை, சர்க்கரை சேர்க்காத தயிர் என்று விவரமாக ஒரு பட்டியல் அனுப்பினேன். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். அக்கா பதில் சொல்லவில்லை. அண்ணன் எழுதியது ஒரே வரி: "இரவில் உங்களோடு யார் இருக்கிறார்கள்?" அந்த வரிக்குத்தான் அவர் பதில் சொன்னார், பக்கம் பக்கமாக. துக்கத்தில் இருப்பவர் அனுப்பும் தட்டு உணவுக் கணக்குக்காக வருவதில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது எவருடைய தட்டாவது திடீரென்று மாறினால் முதலில் ஆளைக் கேட்கிறோம், கிராமைக் கேட்பதில்லை. அறிவுரை தேவைப்படுகிறவர் கேட்பார். கேட்காதவருக்கு வேண்டியது வேறு. அம்மா காலமான பிறகு ஏறத்தாழ ஒன்றரை மாதம் அக்காவிடமிருந்து படம் வரவில்லை. பிறகு ஒரு காலையில், ஒரு சொல்லும் இல்லாமல், சில்லு பெயர்ந்த நீலக் கிண்ணம் வந்தது. நாங்களும் ஒன்றும் எழுதாமல் தத்தம் தட்டுகளை அனுப்பினோம்.

சேதியைப் பகிர்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் என் செலவில் கற்றேன். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை 101 என்று வந்ததும், மகிழ்ச்சியில் பரிசோதனைத் தாளை அப்படியே படமெடுத்து அனுப்பிவிட்டேன். அதில் பெயர், வயது, கைப்பேசி எண், நோயாளி எண் எல்லாம் இருந்தன. ஒரு நண்பர் தம் உறவினருக்கு ஊக்கமூட்ட அதைக் காட்ட, உறவினர் இன்னும் சிலருக்குத் தள்ளிவிட, இரண்டு வாரத்தில் முன்பின் அறியாத ஒருவர் எனக்குப் பேசி, சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் பொடி தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். நண்பர்மீது கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்குக் கொடுத்தது நான். இப்போது எண்ணை மட்டும் தட்டச்சு செய்கிறேன். கைப்பேசிப் படத்துக்குள் அது எடுக்கப்பட்ட இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைத்திருக்கிறேன். தட்டுக்குப் பின்னால் குழந்தை முகமோ, உறைமேல் எழுதிய முகவரியோ தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். வீட்டில் இருப்பவரின் நோயையோ சண்டையையோ அவரைக் கேட்காமல் சொல்வதில்லை. என் சேதியில் பாதி என் மனைவியின் சேதியும்தான் என்பதை அவர் ஒருமுறை எனக்குக் காரமாகவே நினைவூட்டினார்.

எங்களுக்குள் ஒரு பெரும் வாக்குவாதமும் நடந்தது. எட்டுப் பேரில் ஒருவர் கொழுப்பைக் குறைக்கும் வழிக்கு மாறிப் பருப்பும் பழமும் முழுத்தானியமும் உண்ணத் தொடங்கினார். குறைமாவுக்காரர்கள் அவர் தட்டைக் குறைகூறினார்கள், நானும் கூறினேன். அவர் அமைதியாக ஓர் ஆய்வை எடுத்துப் போட்டார். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 609 பேரைப் பிரித்து ஒரு சாராருக்கு நல்ல குறைகொழுப்பு உணவையும் மறுசாராருக்கு நல்ல குறைமாவு உணவையும் ஓராண்டு உண்ணச் சொன்னார்கள். முன்னவர் சராசரியாக 5.3 கிலோவும் பின்னவர் 6 கிலோவும் குறைந்திருந்தார்கள், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடித்தார்கள். இரு சாராருக்கும் சர்க்கரை, மைதா, பொட்டலத் தீனி ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். என் சர்க்கரை அளவுக்குக் குறைமாவு பொருந்துகிறது, அவருக்கு அவர் வழி பொருந்துகிறது. அவர் தட்டும் இப்போது தினமும் வருகிறது. அவருடைய பருப்பைப் பார்த்து நான் ஏங்குவதுண்டு.

நாள்தோறும் எழுதுவதால் பயன் உண்டா என்று கேட்பவருக்கு, 2008இல் வெளிவந்த இன்னோர் அமெரிக்க ஆய்வைச் சொல்வேன்: ஏறத்தாழ 1,700 பேரில், வாரத்தில் ஆறு நாள் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், ஒரு நாளோ அதற்கும் குறைவாகவோ எழுதியவர்களைவிட இரு மடங்கு எடை குறைந்திருந்தார்கள். ஆனால் தனியாகக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. பன்னிரண்டாம் நாள் அது நின்றுபோனது. ஏழு பேர் காத்திருக்கிறார்கள் என்னும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. அதற்காக எல்லோரும் எல்லா வேளையும் அனுப்பினால் படத்தின் குவியலில் சேதி மூழ்கிவிடும்; நாளுக்கு ஒரு தட்டு, ஒரு வரி சேதி என்பதே எங்கள் அளவு. விருந்தில் மூன்று துண்டு கேக் தின்ற நாளில் அதைத்தான் அனுப்ப வேண்டும். அன்று எவரும் கண்டிக்கமாட்டார், பாவமன்னிப்பும் வழங்கமாட்டார். "சுவையாக இருந்ததா?" என்று மட்டும் கேட்போம். இருந்தது என்றால் மகிழ்ச்சி, இல்லை என்றால்தான் நட்டம்.

இன்று காலை நான் அனுப்பியது: முட்டை இரண்டு, நேற்று மிஞ்சிய காலிஃபிளவர் 150 கிராம், அரைக் கோப்பைத் தயிர், பையன் முதல்முறையாக என்னைச் சதுரங்கத்தில் தோற்கடித்தான். ஒரு மணிநேரம் கழித்துக் காளான் அண்ணனின் பதில் வந்தது. காலிஃபிளவரில் எத்தனை வெங்காயம் என்று கேட்டிருந்தார், அதற்குக் கீழே, பையன் எந்தத் தொடக்கத்தை ஆடினான் என்றும்.